பத்து நிமிடக் கட்டங்கள்

ஒரு நாளை நூற்று நாற்பத்து நான்காக நறுக்கி
என் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
கட்டத்துக்குப் பத்து நிமிடம்.
நிரம்பிய படிவத்துக்குத்தான் கூலி.
பாதியில் கதவு சாத்தப்பட்டால்
பேருந்துக் காசும் என் தலையில்.

சியாத்தூராவில் மழை.
மாங்கனீசுத் தூசு படிக்கட்டில்
மையாய் ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்தாம் மாடி, பதினேழாம் எண்.
கதவைத் திறந்தவர் கோச்சா,
ஐம்பத்தொன்று, சுரங்கத்தில் இரவு முறை.
முழங்கை வரை மாவு.
என்னைக் கண்டதும் கைகளை
முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

இந்த வீட்டில் எத்தனை பேர்?
"மூன்று."
கடந்த ஆறு மாதமாக இங்கே உறங்குகிறவர்கள்?
"இரண்டு."

மூன்றாமவர் சாப்பாட்டு மேசைமேல் இருந்தார்,
உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த கைபேசிக்குள்.
எத்தேரி. இத்தாலியில், பாரி நகரில்,
பக்கவாதம் வந்த ஒரு நீதிபதிக்குச்
சவரம் செய்துவிட்டு, மாத்திரை நசுக்கிக் கொடுத்து
ஆறு வருடம்.
படிவத்தின்படி அவர் இல்லை.
"அடுப்பைக் குறை கோச்சா, தீய்கிற மாதிரி இருக்கிறது"
என்றார் இல்லாதவர்.
தீய்ந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்து, பத்துப் படி ஏணியின் படம்.
உச்சியில் ஆகச் சிறந்த வாழ்க்கை,
அடியில் ஆக மோசமானது.
நீங்கள் எந்தப் படியில்?
நெடுநேரம் பார்த்துவிட்டு,
"கீழே யார் பிடித்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார்.
அதற்குக் கட்டமில்லை.
"சரி, ஐந்து போடு" என்றார் பிறகு,
கடையில் உருளைக்கிழங்கு கேட்பவர்போல.

அப்புறம் நேற்றைய நாள்.
காலை ஏழு பத்து: வேலை முடிந்து வந்தேன்.
ஏழு இருபது?
"உட்கார்ந்திருந்தேன்."
ஏழு முப்பது?
"உட்கார்ந்திருந்தேன்."
ரொட்டி பிசைந்தது?
"தெக்லே" என்று மகள் பக்கம் தாடையை நீட்டினார்.
பதினொரு வயது தெக்லே
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை:
"ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை உடைத்தேன்.
அதுவும் ஓடு விழுந்துவிட்டது."

கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது.
அவள் சடை இரட்டையாய், நேர் வகிடாய்.
உட்கார்ந்தபடியே ஒரு வீட்டை
நடத்தி முடித்திருக்கிறார் மனுஷன்.

பெயர் எங்கும் போகாது, எண் மட்டும்தான் என்றேன்.
"எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.
கூண்டில் என்னோடு பதினாறு பேர் இறங்குகிறார்கள், அம்மா.
இருட்டில் சிரிப்பு வெகுதூரம் கேட்கும்."

கைபேசி பேசியது.
"எழுது பெண்ணே. எனக்காவது இங்கே
மாதம் பிறந்தால் சம்பளம்.
அவருக்கு ஒரு கட்டமாவது கொடு."
மூச்சுவிடும் நேரம் கழித்து,
"வேண்டாம். அங்கே இருக்கப்போவது அவர்தான்" என்றது.
எங்கோ ஒரு மணி அடித்தது.
திரையில் கூரை மட்டும் மிஞ்சியது,
அந்நிய வீட்டு வெள்ளைக் கூரை.

நான் பென்சிலால் எழுதினேன்.
பார்த்தார். தடுக்கவில்லை.
போகும்போது தீயாத பக்கத்திலிருந்து
ரொட்டி பிட்டுக் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்துத்
தலைநகர் அலுவலகத்திலிருந்து அழைப்பு.
"பதினேழாம் எண் வீடு, முதல் நபர், ஆண்.
மாவு பிசைதல் நாற்பது, சடை பின்னுதல் இருபது.
பால் பிழை.
ஒன்றை இரண்டாக மாற்றிவிடுகிறோம், சரிதானே?"

என் அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது.
என் மகனைப் பக்கத்து வீட்டிலிருந்து
இன்னும் அழைத்துவரவில்லை,
ஏழு மணிக்குமேல் அவர்களுக்குக் காசு.
"பிழையில்லை" என்றேன்.
எதிர்முனையில் தட்டச்சு நின்றது.
"அவர் செய்ததைப் பார்த்தீர்களா?"
கைகளை அவர் ஒளித்ததைப் பார்த்தேன்.
"அதை எந்தக் குறியீட்டில் போடுவது?"

நான் யோசித்து முடிப்பதற்குள்
பால் வழிந்து
நெருப்பு அணைந்துவிட்டது.